காயலான்கடை பார்ட்ஸ்... பழைய மாருதி 800... முதன்முதலா கார் ரெஸ்டோர் பண்றீங்களா? இதைப் படிச்சுட்டு ஸ்பேனரைத் தொடுங்க!

2010 ஏப்ரலில், பாரத் ஸ்டேஜ்-4 மாசு விதி 13 நகரங்களில் அமலுக்கு வந்தபோது, அந்த நகரங்களில் மாருதி 800 விற்பனை நின்றுபோனது. அதில் சென்னையும் ஒன்று. மற்ற ஊர்களில் இன்னும் சில வருடங்கள் ஓடி, 2014 ஜனவரியில் உற்பத்தியே நின்றது.

கணக்குப் போட்டுப் பாருங்க. சென்னை ஷோரூமில் புதுசா வாங்கின எந்த 800-ம் இன்றைக்கு 15 வயதைத் தாண்டிய வண்டிதான். ஆர்.சி-யின் முதல் ஆயுள் முடிந்துவிட்டது. புதுப்பிக்கணும், இல்லையென்றால் உடைக்கணும். அதனால்தான் அப்பார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில், தார்ப்பாய் போர்த்தி, நான்கு டயரும் காற்றில்லாமல் நிற்கிற 800-ஐ எல்லா ஏரியாவிலும் பார்க்கிறோம். "எடுத்துட்டுப் போப்பா, இடம் காலியானா போதும்" என்று சொல்கிற அங்கிள்களும் இருக்கிறார்கள்.

இன்னொரு பக்கம் ரீல்ஸ். துருப்பிடித்த கார் ஒன்று 60 செகண்டில் பளபளவென வெளியே வருகிறது. நடுவில் போன எட்டு மாசமும், எட்டு மாசச் சம்பளமும் அதில் தெரியாது. பாதியில் நின்றுபோன ரெஸ்டோரேஷன் வண்டிகள் கடைசியில் போய்ச் சேருகிற இடம், அதற்கு பார்ட்ஸ் வாங்கின அதே காயலான்கடைதான்.

பழைய பார்ட்ஸ் போட்டு பழைய காரை ஓட வைக்க முடியுமா? தாராளமாக முடியும். ஆனால், எதைப் பழசா வாங்கணும், எதைத் தொட்டுக்கூடப் பார்க்கக் கூடாது என்கிற ஒரு கோடு இருக்கிறது. அந்தக் கோடு தெரியாமல் இறங்கினால் போவது பணம் மட்டும் இல்லை.

முதல் வண்டிக்கு ஏன் 800?

அம்பாஸடர், பத்மினி, கான்டெஸா, நம்ம மெட்ராஸிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு... மனசு இதில்தான் போய் நிற்கும், தெரியும். ஆனால், முதல் வண்டிக்கு இவை வேண்டாம் என்பதே என் கருத்து. ஹெரால்டின் ஒரு டெயில் லேம்ப் கண்ணாடிக்காக மாசக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். பழைய அம்பாஸடரின் பல போல்ட்டுகளுக்கு இன்ச் அளவு ஸ்பேனர் வேண்டும். அதன் தகரமும் கனம், டிங்கரிங் கூலியும் கனம்.

800 அப்படி இல்லை. 796 சி.சி, மூன்று சிலிண்டர் இன்ஜின். பானட்டைத் திறந்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், கையும் போகும். 10, 12, 14, 17 எம்.எம் ஸ்பேனர் இருந்தால் பெரும்பாலான வேலை முடிந்துவிடும். ஆம்னியிலும் இதே குடும்பத்து இன்ஜின்தான் என்பதால் உள்ளே போகிற பல பாகங்கள் இன்றும் புதுசாகவே கிடைக்கின்றன. முக்கியமா, 800-ஐக் கழற்றி மாட்டத் தெரியாத மெக்கானிக் தமிழ்நாட்டில் இருக்க வாய்ப்பில்லை. மாட்டிக்கொண்டால் காப்பாற்ற ஆள் இருக்கிறது என்பது முதல் ப்ராஜெக்ட்டில் சின்ன விஷயம் இல்லை.

வாங்கும்போது ஒன்றைக் கவனிங்க. 1983 டிசம்பரில் வந்த முதல் தலைமுறை 800 வேறு, 1986-க்குப் பிறகு வந்த உருவம் வேறு. முதல் தலைமுறை வண்டி கிடைத்தால் அது பொக்கிஷம், ஆனால் பார்ட்ஸுக்குப் பிச்சை எடுக்கணும். 1986-க்குப் பிறகு வந்ததிலும் 2000-வாக்கில் கார்புரேட்டர் போய் எம்.பி.எஃப்.ஐ வந்தது. கார்புரேட்டர் வண்டியைக் கையாலேயே கழற்றி, சுத்தம் செய்து, ஸ்க்ரூ டிரைவரால் டியூன் பண்ணலாம். எம்.பி.எஃப்.ஐ-யில் சென்சார், இ.சி.எம் என்று போகும். ஸ்டார்ட் ஆவதிலும் மைலேஜிலும் அதுதான் நல்லது, கற்றுக்கொள்ள கார்புரேட்டர்தான் நல்லது. இரண்டின் பார்ட்ஸையும் குழப்பிக்கக் கூடாது. கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் பம்ப் இன்ஜினில் இருக்கும், எம்.பி.எஃப்.ஐ-யில் டேங்குக்குள் இருக்கும். "800 டேங்க்தானே" என்று பழசு ஒன்றை வாங்கி வந்தால், மாட்டும்போதுதான் இடிக்கும்.

ஸ்பேனருக்கு முன்னாடி பேப்பர்!

வண்டியைப் பார்க்கப் போவதற்கு முன்பே நம்பரை வாங்கி, பரிவாகன் தளத்திலோ எம்-பரிவாகன் ஆப்பிலோ போட்டுப் பாருங்க. ஆர்.சி எந்தத் தேதி வரை, ஃபைனான்ஸ் பாக்கி காட்டுகிறதா, இன்ஷூரன்ஸ் எப்போது முடிந்தது என்பதெல்லாம் தெரிந்துவிடும். இ-சலான் பாக்கி இருக்கிறதா என்பதையும் பார்த்துடுங்க.

தனியார் காருக்கு ஆர்.சி 15 வருடம். அதன்பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்கலாம். நம்ம ஊரில் 'எஃப்.சி காட்டுறது' என்று சொல்கிறோமே, அதுதான். படிவம் 25-ல் விண்ணப்பித்து, வண்டியை மோட்டார் வாகன ஆய்வாளர் முன்பு நிறுத்த வேண்டும். 2022 ஏப்ரல் முதல் இதற்கான மத்திய அரசுக் கட்டணம் 600-லிருந்து 5,000 ரூபாயாக ஏறியது. 2025 ஆகஸ்ட்டில் வந்த அறிவிக்கையில், 20 வயதைத் தாண்டிய கார்களுக்கு அது 10,000 ரூபாய். இதோடு மாநில அரசின் பசுமை வரி தனி.

பெரிய குழி இன்னொன்று இருக்கிறது. தாமதமாகப் புதுப்பித்தால், மத்திய விதிகளில் காருக்கு ஒவ்வொரு மாதத்துக்கும் 500 ரூபாய் கூடுதல் கட்டணம் என்று இருக்கிறது. ஆர்.சி முடிந்து நான்கு வருடம் பேஸ்மென்ட்டில் நின்ற வண்டி என்றால் 48 மாசம், 24,000 ரூபாய். 'சும்மா எடுத்துட்டுப் போ' என்று கொடுக்கிற வண்டி சும்மா இல்லை, பாஸ். அட்வான்ஸ் கொடுக்கும் முன் உங்கள் ஏரியா ஆர்.டி.ஓ அலுவலகத்தில் அந்த நம்பருக்கு மொத்தம் எவ்வளவு ஆகும் என்று கேட்டு எழுதிக்கோங்க.

பெயர் மாற்ற படிவம் 29, 30. பழைய பேங்க் லோன் ஆர்.சி-யில் அப்படியே நின்றால், அதை நீக்க படிவம் 35-ம் பேங்கின் தடையில்லாச் சான்றும். வண்டி வேறு ஆர்.டி.ஓ எல்லையிலிருந்தோ வேறு மாநிலத்திலிருந்தோ வந்தால் படிவம் 28. உரிமையாளர் இறந்துபோயிருந்தால் வாரிசுகளின் கையெழுத்தில்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீங்க. 'பேப்பர் அப்புறம் பார்த்துக்கலாம்' என்று வாங்கின வண்டிக்கு எவ்வளவு அழகா பெயின்ட் அடித்தாலும் அது வீட்டு கேட்டுக்குள் ஓட்டுகிற கார்தான்.

இன்ஜினைப் பார்க்காதீங்க... தரையைப் பாருங்க!

புதுசா வண்டி பார்க்கிற எல்லோரும் முதலில் பானட்டைத்தான் திறப்பாங்க. இன்ஜின் போனால் சரிபண்ணலாம். ரிங், பிஸ்டன், வால்வு எல்லாவற்றுக்கும் ஒரு கணக்கு இருக்கு, ஒரு தேதி இருக்கு. துருவுக்குக் கணக்கும் கிடையாது, தேதியும் கிடையாது.

800-க்கு, இப்போதைய பெரும்பாலான கார்களைப் போலவே, தனியா சேஸிஸ் ஃபிரேம் இல்லை. பாடிதான் சேஸிஸ். அதனால் தரைத் தகரமோ பக்கவாட்டு ரன்னிங் போர்டோ துருப்பிடித்தால், அது அழகுப் பிரச்னை இல்லை. வண்டியின் எலும்பே அரிக்கிறது என்று அர்த்தம்.

பார்க்கவேண்டிய இடங்கள்: கார்ப்பெட்டைத் தூக்கி டிரைவர் கால் வைக்கிற இடம், ஸ்டெப்னி வைக்கிற குழி, பேட்டரி ட்ரேயின் அடிப்பக்கம், கதவின் கீழ் விளிம்பு, வீல் ஆர்ச். எல்லாவற்றையும்விட முக்கியம், பானட்டுக்குள் முன் சஸ்பென்ஷன் மேலே வந்து போல்ட் ஆகிற இடம். அங்கே தகரம் அரித்திருந்தால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிடுங்க. கையில் ஒரு சின்ன காந்தம் எடுத்துப் போங்க. மெல்லிசான துணி சுற்றி பாடி முழுக்கத் தடவுங்க. காந்தம் பிடிக்காத இடத்தில் உள்ளே இருப்பது தகரம் இல்லை, பட்டி. ஸ்க்ரூ டிரைவரின் பின்பக்கத்தால் தரையைத் தட்டினால், நல்ல தகரம் 'டங்' என்னும், அரித்த தகரம் 'டொப்' என்னும்.

சென்னை வண்டி என்றால் இன்னும் ரெண்டு கேள்வி. கடலோரத்தில் நின்ற வண்டியா? 2015 டிசம்பர் வெள்ளத்திலோ 2023 மிக்ஜாம் புயலிலோ தண்ணியில் நின்ற வண்டியா? ஓனர் சொல்ல மாட்டார். சீட் தண்டவாளத்தின் போல்ட், சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால் தெரிகிற பகுதி, டேஷ்போர்டுக்கு அடியில் ஒயர் கனெக்டர் இதெல்லாம் சொல்லும். காய்ந்த வண்டல் ஓர் ஓரத்தில் ஒட்டிக்கிட்டே இருக்கும்.

இன்ஜினுக்கு வேகமான சோதனை போதும். ஆயில் மூடியின் உள்பக்கம் காபி நுரை மாதிரி இருந்தால் கூலன்ட் கலந்திருக்கிறது, ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்க. நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. வாடகைக்காவது ஒரு கம்ப்ரஷன் கேஜ் வாங்கி மூன்று சிலிண்டரையும் பாருங்க. மூன்றும் ஏறக்குறைய ஒரே ரீடிங் காட்டணும். ஒன்று மட்டும் குறைந்தால் அதில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்க. ரீடிங் ஏறினால் ரிங் தேய்மானம். ஏறவில்லை என்றால் வால்வு அல்லது கேஸ்கெட்.

புதுப்பேட்டைக்குப் போறீங்களா?

எழும்பூர் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். கூவம் கரையை ஒட்டி, சந்துக்குச் சந்து கடை. ஒரு கடை வாசலில் கதவு மட்டும் அடுக்கியிருக்கும், இன்னொன்றில் மீட்டர் போர்டு மட்டும் தொங்கும், அடுத்ததில் கியர் பாக்ஸ் குவியல். செல்வராகவன் படத்துக்கு முன்பும் பின்பும் புதுப்பேட்டை என்றால் வண்டிக்காரர்களுக்கு இதுதான். கோவைக்காரர்களுக்கு உக்கடம்.

இங்கே வாங்குவதற்கு ஒரு முறை இருக்கு. உங்கள் பழைய பார்ட்டைக் கழற்றி, துடைத்து, பையில் போட்டுக் கையோடு எடுத்துப் போங்க. முடியாத பெரிய சாமான் என்றால் அளவுகளோடு நாலா பக்கமும் போட்டோ. "அண்ணே, 800 லெஃப்ட் டோர் இருக்கா?" என்று வெறும் வாயில் கேட்டால், "எந்த வருஷம்? கார்புரேட்டரா, எம்.பி.எஃப்.ஐ-யா? ஏ.சி-யா, நான்-ஏ.சி-யா?" என்று திரும்பக் கேள்வி வரும். பதில் தெரியாமல் முழிக்கிற முகத்துக்கு ஒரு விலை, சாம்பிளைக் கையில் வைத்திருக்கிற முகத்துக்கு ஒரு விலை.

முதல் கடையில் வாங்காதீங்க. மூன்று கடையில் விசாரித்தால் அன்றைய மார்க்கெட் விலை புரிந்துவிடும். தனித்தனியா அலைவதைவிட லிஸ்ட்டாகக் கொடுத்து ஒரே கடையில் எடுத்தால் மொத்தமாகக் குறைப்பாங்க. மின்சாதனம் எதுவாக இருந்தாலும், கடையிலேயே பேட்டரி வைத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்க. ஸ்டார்ட்டர் மோட்டார் சுற்றும்போது பல் வெளியே வந்து திரும்புதா, வைப்பர் மோட்டார் நிறுத்தினால் சரியான இடத்தில் நிற்குதா என்று பாருங்க. 'மாட்டிப் பார்த்து சரியில்லைன்னா மாத்திக்கலாமா?' என்பதை வாங்கும் முன்பே பேசிடுங்க. ஒப்புக்கொண்டால், பில்லோ துண்டுச் சீட்டோ, கடைப் பெயரும் தேதியும் பார்ட் பெயரும் எழுதி வாங்கிக்கோங்க.

அந்தச் சீட்டு மாற்றிக்கொள்ள மட்டும் இல்லை. திருட்டு வண்டிகளை உடைத்து விற்கிற கூட்டம் எல்லா ஊரிலும் இருக்கிறது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ நேர்மையின்றி வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-வது பிரிவில் குற்றம். கதவும் சீட்டும் வாங்கும்போது பெரிய பயம் இல்லை. நம்பர் பதித்த பாகம்தான் ஆபத்து. இன்ஜின் பிளாக்கில் நம்பர் தேய்க்கப்பட்டிருந்தாலோ, மேலே புதுசாக வெட்டியது போல் இருந்தாலோ, பாதி விலைக்குக் கொடுத்தாலும் கையைக் கட்டிக்கிட்டு நகர்ந்துடுங்க. நம்பர் சுத்தமாக இருந்தாலும், அந்த இன்ஜின் வந்த வண்டியின் ஆர்.சி நகலும் பில்லும் இல்லாமல் வாங்க வேண்டாம். ஏனென்றால், அதே மாடல் இன்ஜினே ஆனாலும் மாற்றுவதற்கு ஆர்.டி.ஓ அனுமதி வேண்டும், புது நம்பர் ஆர்.சி-யில் ஏறவேண்டும்.

பாடி ஷெல்லை மாற்றலாமா என்று சிலர் கேட்பாங்க. 'என் வண்டி துரு, இன்னொரு 800 பாடி சூப்பரா கிடைக்குது, சேஸிஸ் நம்பர் உள்ள தகரத்தை மட்டும் வெட்டி ஒட்டிடலாம்ல?' கூடவே கூடாது. 800-ல் பாடிதான் சேஸிஸ் என்றோம் இல்லையா? நம்பரை வெட்டி ஒட்டுவது ரெஸ்டோரேஷன் இல்லை, மோசடி. இரண்டு வண்டிகளின் பாதியை ஒட்டி ஒன்றாக்குவதும் அப்படித்தான். மோதலில் அந்த வெல்டிங் எங்கே பிளக்கும் என்று யாருக்கும் தெரியாது.

பழசு எது... புதுசு எது?

தேய்மானத்தில் சாகாத பொருளைப் பழசாக வாங்கலாம். கதவு, பானட், டிக்கி மூடி, பம்பர், சீட் ஃபிரேம், டேஷ்போர்டு, மீட்டர், கண்ணாடி ஏற்றும் மெஷின், பூட்டு, கைப்பிடி, ஹெட்லைட் வைக்கிற கிண்ணம். இதிலெல்லாம் பழைய கம்பெனி அயிட்டம், இன்று கிடைக்கிற புது லோக்கல் அயிட்டத்தைவிட நன்றாகப் பொருந்தும். தகரத்தின் கனமும் ஓட்டைகளின் இடமும் சரியாக இருக்கும். லோக்கல் பானட்டை வாங்கி, இடைவெளி சரிபண்ணவே இரண்டு நாள் டிங்கரிங் கூலி கொடுப்பதற்கு, நசுங்காத பழைய ஒரிஜினல் எவ்வளவோ மேல்.

சோதித்துப் பார்த்து பழசாக வாங்கக்கூடியவை: ஆல்டர்னேட்டர் (மாட்டி இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில் 13.5 முதல் 14.5 வோல்ட் வரணும்), ஸ்டார்ட்டர், கியர் பாக்ஸ் (ஆயிலை வடித்து, பளபளக்கிற இரும்புத் துகள் வருதா பாருங்க), வீல் ரிம் (சுற்றிவிட்டு ஆட்டம் பாருங்க). எம்.பி.எஃப்.ஐ வண்டிக்கு இ.சி.எம் வாங்கினால், ஸ்டிக்கரில் உள்ள பார்ட் நம்பர் உங்கள் பழசோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகணும். முன் கண்ணாடி வாங்கினால் லேமினேட்டட்தானா என்று ஓரத்தில் உள்ள முத்திரையைப் படிங்க.

இனி அந்தக் கோடு. பிரேக், டயர், ஸ்டீயரிங் மூட்டுகள், ரப்பர், சீட் பெல்ட் இதில் எதையும் பழசாக வாங்கக் கூடாது. புதுப்பேட்டையில் கிடைக்குமா என்றால், கிடைக்கும். அதுதான் பிரச்னையே.

பழைய மாஸ்டர் சிலிண்டர் வெளியே பளபளன்னு இருக்கும். உள்ளே ரப்பர் வாஷர் பல வருடம் காய்ந்து, சுவரில் துருப்புள்ளி விழுந்திருக்கும். மாட்டி, ஏர் எடுத்து, தெருவுக்குள் ஓட்டிப் பார்த்தால் நன்றாகத்தான் பிடிக்கும். ஒருநாள் மேம்பாலத்தில் இறங்கும்போது மிதித்த பெடல் தரை வரை போகும். அன்றைக்கு மாட்டுவது உங்கள் வண்டி மட்டும் இல்லை, முன்னால் டூ வீலரில் குழந்தையோடு போகிறவரும்தான். மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், பிரேக் ஹோஸ், முன்பக்க டிஸ்க் பேட், பின்பக்க ஷூ எல்லாமே புதுசு, பில்லோடு. பின் டிரம்மை மட்டும் லேத்தில் கொடுத்துக் கடையலாம். ஆனால் அதிகபட்ச விட்டம் டிரம்மிலேயே பதித்திருப்பாங்க. அதைத் தாண்டினால் டிரம்மும் புதுசு. பழைய ஷூவைக் கழற்றும்போது அந்தத் தூசியை ஏர் அடித்து ஊதாதீங்க. பழைய லைனிங்கில் கல்நார் இருக்கலாம், நுரையீரலுக்கு ஆகாது. மாஸ்க் போட்டு, ஈரத்துணியால் துடைத்து எடுங்க.

டயரின் பக்கவாட்டில் கடைசி நான்கு எண்ணைப் படிங்க. 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. பட்டன் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் வயதான ரப்பர் ரப்பர்தான். சீட் பெல்ட் ஒருமுறை மோதலில் இழுபட்டிருந்தால் அடுத்த முறை சரியாகப் பிடிக்காது. அது எந்த வண்டியில் இருந்து வந்தது என்று கடைக்காரருக்கே தெரியாது. டை ராட் எண்டு, பால் ஜாயின்ட், புஷ், டைமிங் பெல்ட், ரேடியேட்டர் ஹோஸ் இவையும் இதே கணக்கில் வரும்.

பெட்ரோல் ஹோஸுக்குத் தனியாக ஒரு வரி. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவிகிதம் எத்தனால் கலந்த இ-20. 1990-களின் கார்புரேட்டர் வண்டியின் ரப்பர் ஹோஸ், கேஸ்கெட், டயாஃப்ரம் எதுவும் இதற்காகச் செய்யப்பட்டவை இல்லை. ரப்பர் ஊறும், வெடிக்கும், சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் சொட்டும். எத்தனால் தாங்கும் ஹோஸாகக் கேட்டு வாங்கி முழுசையும் மாத்திடுங்க. கார்புரேட்டருக்கு ரிப்பேர் கிட் புதுசு போடுங்க. எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால், வண்டியை மாசக்கணக்கில் நிறுத்தும்போது பழைய பெட்ரோலைக் கிண்ணத்திலேயே விட்டுவைக்காதீங்க.

எந்த வேலை முதலில்?

எல்லாவற்றையும் ஒரே வாரக்கடைசியில் கழற்றுவதுதான் ப்ராஜெக்ட்டைக் கொல்லும். ஒரு பகுதியைக் கழற்றினால் அதை மாட்டி முடித்துவிட்டு அடுத்தது. ஒவ்வொரு போல்ட்டும் ஜிப் கவரில், மேலே மார்க்கரில் பெயர். கழற்றும் முன் போட்டோ, கழற்றும்போது வீடியோ. ஆறு மாசம் கழித்து 'இந்த ஒயர் எங்கேர்ந்து வந்தது?' என்று கேட்கப்போவது நீங்கள்தான்.

வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் பிரேக். நிற்காத வண்டியை ஓட வைத்து என்ன பயன்? அடுத்து இன்ஜின், கூலிங், ஒயரிங். பிறகு துருவும் டிங்கரிங்கும். பெயின்ட் கடைசி. பெயின்ட்டை முதலில் அடித்துவிட்டு இன்ஜினை இறக்கினால், சங்கிலி உரசி கீறல் விழுந்த ஃபெண்டரைப் பார்த்து அழ வேண்டியதுதான்.

அரித்த தகரத்தை நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுத்து, புதுத் தகரம் வைத்து சி.ஓ.2 வெல்டிங் பண்ணச் சொல்லுங்க. மெல்லிய தகரத்தில் சாதா ஆர்க் வெல்டிங் ஓட்டை போட்டுவிடும். மேலே ஃபைபர் ஷீட்டும் பட்டியும் வைத்து மூடுவது விலை குறைவு, ஆனால் அடுத்த மழைக்காலத்தில் குமிழ் வரும். லேசான துருவுக்கு கம்பி பிரஷ், துரு மாற்றி திரவம், எபாக்ஸி ப்ரைமர் போதும். ஐப்பசி மழைக்கு முன் ப்ரைமர் வேலையை முடிக்கிற மாதிரி திட்டம் போடுங்க. சீட் உறை, மேட், பீடிங் மாதிரியான புது ஐட்டங்களுக்கு ஜி.பி ரோடு பக்கம் ஒரு ரவுண்டு போதும்.

நீங்களே செய்யக்கூடாதவை என்று சில உண்டு. பெட்ரோல் டேங்கில் வெல்டிங், ஸ்பிரிங் கழற்றுவது, வெல்டிங் பண்ணின சஸ்பென்ஷன் பகுதி. வேலை தெரிந்தவரிடம் கொடுங்க. மற்றபடி ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கவே படுக்காதீங்க, ஸ்டாண்டு வேண்டும். ஒயரிங்கைத் தொடும் முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்க.

பட்ஜெட்? வண்டி விலையைவிட டிங்கரிங்-பெயின்டிங் அதிகம் ஆவது சாதாரணம். கையில் உள்ள மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துத் தனியாக வைத்துவிட்டு, மீதியில் திட்டம் போடுங்க. அந்த மூன்றில் ஒரு பங்கும் செலவாகும், கவலைப்படாதீங்க.

மறுபடியும் ஆர்.டி.ஓ

பெயின்ட் கலரை மாற்றினால் ஆர்.சி-யிலும் மாற்றணும். ஒரிஜினல் கலரிலேயே அடிப்பது பாதி அலைச்சலைக் குறைக்கும். சைலன்ஸரை வெட்டுவது, அகல டயர், பெரிய இன்ஜின் என்று இறங்கினால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு குறுக்கே வரும். தயாரிப்பாளரின் அசல் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. 'வி.ஏ' என்ற எழுத்தோடு வருகிற வின்டேஜ் நம்பர் 50 வயதைத் தாண்டிய வண்டிகளுக்கு மட்டும். மூத்த 800-க்கே அதற்கு 2033 வரை காத்திருக்கணும்.

ஆய்வுக்குப் போகும் முன் சேஸிஸ் நம்பர் உள்ள இடத்தைச் சுத்தமாகத் துடைத்து வைங்க. பென்சில் வைத்துத் தேய்த்துப் பிரதி எடுப்பாங்க. பெயின்டர் அந்த நம்பர் மேல் பட்டி பூசியிருந்தால் அன்றைய நாள் வீண். லைட், இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர், ஹேண்ட் பிரேக் எல்லாம் வேலை செய்யணும். மாசுச் சான்றும் இன்ஷூரன்ஸும் கையில் இருக்கணும். 1,000 சி.சி-க்குக் குறைந்த காருக்கு 2022-ல் நிர்ணயித்த மூன்றாம் நபர் பிரீமியம் வருடத்துக்கு 2,094 ரூபாய், வரி தனி. இவ்வளவு வயதான காருக்கு முழு இன்ஷூரன்ஸ் தருகிற கம்பெனிகள் குறைவு, கிடைத்தாலும் வண்டிக்குப் போடுகிற மதிப்பு ரொம்பக் குறைவாகத்தான் இருக்கும். நீங்கள் கொட்டின பணம் அதில் வராது.

ஆர்.சி கைக்கு வந்ததும் நேராக ஈ.சி.ஆரில் ஏறிடாதீங்க. முதல் வாரம் வீட்டைச் சுற்றி ஐந்து கிலோமீட்டருக்குள். முதல் 50 கிலோமீட்டரில் வீல் நட்டை மறுபடி டைட் பண்ணுங்க. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் வண்டி நின்ற இடத்தில் பழைய அட்டைப்பெட்டி ஒன்றை விரித்து வைத்து, காலையில் எங்கே சொட்டியிருக்கிறது என்று பாருங்க. கறுப்பு என்றால் ஆயில். பச்சையோ சிவப்போ தித்திப்பு வாடையோடு இருந்தால் கூலன்ட். வீலுக்கு உள்பக்கம் நிறமில்லாமல் வழுக்கினால் பிரேக் ஆயில், அதைச் சரிபண்ணும் வரை வண்டியை எடுக்கவே கூடாது. டிக்கியில் ஒரு லிட்டர் கூலன்ட், ஒரு ஃபேன் பெல்ட், ஃபியூஸ் நான்கு, 10-12 ஸ்பேனர் ஒன்று.